பிறீமனும் அவுஸ்திரேலியரும்

முதற்றர கிறிக்கெற்றில் 3,776 விக்கெற்றுகளை வீழ்த்திய ஒருவர் தம் நாட்டின் சார்பில் 12 ரெஸ்ற் ஆட்டங்களிலேயே பங்குபற்றினார் என்பது வியப்புக்குரியது. அத்தொகையில் அவரை விஞ்சியவர் வில்பிறட் றோட்ஸ் ஒருவரே. கென்ற் கவுன்ரியின் லெக்பிறேக் பந்துவீச்சாளரான அல்பிரட் பேர்சி பிறீமனையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். 5 அடி 2 அங்குல உயரமே உடையவராதலின் 'ரிச்' என்னும் பட்டப்பெயர் அவருக்கு வாய்த்தது.

லூயிஷமில் 1888ஆம் ஆண்டிற் பிறந்த அவர் கென்ற் அணியில் ஆடத் தொடங்கியது 1914இல். அவ்வாண்டு மூண்ட போர் நான்கு பருவங்களை விழுங்கிற்று. எனவே அவர் புகழெல்லாம் முப்பது வயதின்பின் ஈட்டியதேயாம்.

லெக்பிறேக் என்பது நிலத்திற் பட்டதும் வலக்கைத் துடுப்பாட்டக்காரரின் காற்புறமிருந்து மறுபுறம் திரும்பும் பந்து. அதனோடு, திரும்பாது நேரே விரையும் பந்தையும் பிறீமன் கலந்து வீசினார். திரும்புமென எண்ணி ஆடியவர் நேர்ப்பந்தில் வீழ்ந்தார். முன்னேறி அடிக்கத் துணிந்தவர் பந்தைத் தவறவிட்டு விக்கெற்காப்பாளர் லெஸ் ஏம்ஸிடம் அகப்பட்டார். 1932இல் ஏம்ஸ் 64 பேரை ஸ்ரம்பிங் முறையில் ஆட்டமிழக்கச் செய்தார். அவருட் பலர் பிறீமனின் பந்துக்கு இரையானவரே. 1928இல், நாற்பதாம் வயதில், பிறீமன் 304 விக்கெற்றுகளைப் பெற்றார். ஒரே பருவத்தில் முந்நூறைக் கடந்தவர் வேறெவருமிலர்.

ஆயினும் அவுஸ்திரேலியா அவருக்கு உவந்த நிலமன்று. 1924-25ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் இரண்டு ரெஸ்ற் ஆட்டங்களில் 8 விக்கெற்றுகளே கிடைத்தன. ஒவ்வொன்றிற்கும் 57 ஓட்டங்களுக்கு மேற் கொடுத்தார். (சிட்னியில் வூலியுடன் ஒன்பதாம் விக்கெற்றுக்கு 128 ஓட்டங்கள் சேர்த்து, தாம் ஆட்டமிழக்காது 50 பெற்றமை வேறு கதை.) 1928-29இலும் அங்குச் சென்றார், ஒரு ரெஸ்ற் ஆட்டத்திலும் இடம் பெற்றிலர்.

கடினமான ஆடுதளத்திற் காலை விரைந்து நகர்த்தி ஆடுவோரிடம் அவர் பந்து எடுபடாது என்பது தேர்வாளர் கருத்துப் போலும். அதனை முற்றாக மறுத்தற்கில்லை. 1929இல் தென்னாபிரிக்கருக்கு எதிராக ஹெடிங்லியில் 10, ஓல்ட் ட்ரபர்ட்டில் 12 விக்கெற்றுகள் பெற்றவர், அடுத்த ஓவல் ஆட்டத்தில் ஒன்றேனும் பெற்றிலர். அதுவே அவரது இறுதி ரெஸ்ற் ஆட்டம்.

எனினும் 1930ஆம் ஆண்டின் தீர்ப்பை எம்மால் ஏற்க இயலவில்லை. அவ்வாண்டு பிராட்மன் இங்கிலாந்து மண்ணில் ஐந்து ரெஸ்ற் ஆட்டங்களில் 974 ஓட்டங்கள் குவித்தார். அவரைத் தடுக்க லெக்பிறேக் வீச்சாளர் வேண்டாவென்று தேர்வாளர் கருதினாரல்லர். றொபின்ஸ், பீபிள்ஸ், றிச்சட் ரில்டெஸ்லி ஆகிய மூவரையும் மாறிமாறி ஆடவிட்டனர். அதே கோடையில் 275 விக்கெற்றுகள் வீழ்த்திய பிறீமனை ஒருமுறையேனும் அழைத்திலர். பிராட்மன் அவரையும் அடித்து நொறுக்கியிருத்தல் கூடும். ஆனால் சொந்த நாட்டில் அவுஸ்திரேலியருக்கெதிரே ஒரு ரெஸ்ற் ஆட்டமேனும் அவருக்கு அளிக்கப்படவேயில்லை.

1936இல் கென்ற்டுடனான தொடர்பு முடிவுற்றது. ஓய்வுக்கால இல்லத்திற்கு, 'பந்துவீசி முடிந்தது' எனப் பொருள்பட, 'டன்போலின்' என்று பெயரிட்டு வாழ்ந்த பிறீமன், 1965 ஜனவரியிற் காலமானார்.