சாலையில் ‘செத்த’ நடிகை

1910. நியூயார்க்கில் டிராம் மோதி ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. ஊமைப்படக் காலத்து முதல் நட்சத்திரம் அவர், ரசிகர்கள் கலங்கிப்போனார்கள். கடைசியில் பார்த்தால், தயாரிப்பாளர் கார்ல் லெம்லே கிளப்பிவிட்ட விளம்பரப் புரளி! ஆனால் நடிகைக்கும் சாலைக்குமான கணக்கு அதோடு தீரவில்லை.

லாரன்ஸுக்குக் கார் என்றால் உயிர். அந்நாளில் திரும்பவும் நிற்கவும் ஓட்டுநர் கையை வெளியே நீட்டித்தான் காட்ட வேண்டும். கொட்டும் மழையில், கும்மிருட்டில் அந்தக் கை யாருக்குத் தெரியும்? 1914 வாக்கில் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். பொத்தானை அழுத்தினால் காரின் பின்னால் ஒரு கை எழும். பிரேக்கை மிதித்தால் ‘நில்’ என்ற பலகை எழும். காப்புரிமை மட்டும் வாங்கவில்லை. காலணாகூட வரவில்லை.

1920-களின் இறுதியில் ஐரோப்பியக் கார்களின் பக்கவாட்டில் குட்டிக் கைகாட்டி முளைத்தது. மின்காந்தம் இழுத்ததும், உள்ளே விளக்கு எரிய, வெளியே நீளும். அழகான சாதனம்தான்; துருவோ தூசியோ ஏறினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். ஓட்டுநர் உள்ளிருந்து ஒரு குத்து விட வேண்டும். அசையாத ஒன்று தேவைப்பட்டது.

1938 டிசம்பரில் லாரன்ஸ் காலமானார். அப்போது விற்பனைக்கு வந்திருந்த 1939 மாடல் ப்யூக் காரின் பின்புறம் ஒரு விளக்கு விட்டு விட்டு மின்னியது. அதை மின்ன வைக்க எளிய தந்திரம் ஒன்று பின்னாளில் பரவலானது: இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை. மின்சாரம் பாய்ந்தால் சூடேறும். ஒன்று கூடுதலாக விரிவதால் பட்டை வளைந்து இணைப்பு அறும், விளக்கு அணையும். ஆறினால் மறுபடி ஒட்டும். ஒட்டும்போதும் விலகும்போதும் ‘டிக்’. யாரும் திட்டமிடாத அந்தச் சத்தம்தான், போட்டதை அணைக்க மறக்கும் ஓட்டுநருக்கு நினைவூட்டலானது.

நம் ஊருக்கு அந்த மின்னும் விளக்கு உடனே வரவில்லை. ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பாகம் பொருத்தித் தயாரித்தது. அதில் வந்ததோ பழைய கைகாட்டி! 1998-ல் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரானபோது, மின்னும் விளக்கை யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

திருவள்ளூருக்கு அருகே வேப்பம்பட்டைக் கடக்கும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் (சிடிஎச் சாலை) லாரியும் ஷேர் ஆட்டோவும் திரும்புமுன் போட வேண்டிய, பல நேரம் போடாத, அந்த மஞ்சள் விளக்குதான் இண்டிகேட்டர். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும் என்பது விதி. கைச் சைகையும் ஓய்வு பெறவில்லை. லைசென்ஸ் தேர்வில் இன்றும் அதைக் கேட்கிறார்கள்.