குடும்பக் கட்டுப்பாடு: சொற்பொருளும் பயன்பாடும்

முன்னுரை

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்திலுள்ள சூரியநெல்லி, தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் பகுதியாகும். அவர்தம் வீட்டு மொழி தமிழ்; அரசு மொழி மலையாளம். ஒரே அரசுத் திட்டத்தைத் தமிழ் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்றும் மலையாளம் ‘குடும்பாசூத்ரணம்’ என்றும் வழங்குகின்றன. ஆசூத்ரணம் திட்டமிடுதலைக் குறிக்கும். கட்டுப்பாடோ அடக்குதலைக் குறிக்கும். இவ்வேறுபாட்டை முன்வைத்துத் தமிழ்ச் சொல்லின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கர்ப்ப ஆட்சி

அரசுத் திட்டமாவதற்கு முன்பே தமிழில் இக்கருத்து விவாதிக்கப்பட்டது. பெரியார் 1930இல் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடை குறித்து எழுதினார். பிறர் உடல்நலம், நாட்டின் பொருளாதாரம் ஆகியன கருதி அதனை வலியுறுத்த, அவர் பெண்விடுதலையையே காரணமாகக் கொண்டார். 1936இல் ‘கர்ப்ப ஆட்சி’ என்னும் நூல் வெளிவந்தது. பெரியாரின் கருத்தோடு பொருத்திக் காணின், இத்தொடரில் ஆள்பவள் பெண். ஆளப்படுவது அவளது கருப்பை எனலாம்.

ஆட்சியிலிருந்து கட்டுப்பாட்டிற்கு

இந்திய அரசு 1952இல் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டம் பரவியபோது ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்னும் சொல் நிலைபெற்றது. கட்டுப்படுத்துவோர் யார் என்பதை இச்சொல் உணர்த்துவதில்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் மட்டும் 63,000க்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டனர். நெருக்கடி நிலைக்காலக் கட்டாயத்திற்குப் பின், 1977இல் திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ என மாற்றப்பட்டது. சுமையும் பெருமளவு பெண்கள் மீது விழுந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை அறுவையைச் சார்ந்திருந்தோர் 0.3 விழுக்காட்டினரே. பேச்சு வழக்கில் ‘குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள்’ என்பது அறுவையை மட்டுமே சுட்டுகிறது. பரந்த பொருளுடைய சொல் ஒரு செயலளவில் சுருங்கியமை நோக்கத்தக்கது.

தோட்டத்தில் சொல்லும் செயலும்

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. எனவே தொழிலாளியின் பிள்ளைப்பேறு நிருவாகத்தின் செலவுக் கணக்கிலும் இடம்பெற்றது. தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமாகிய ‘உபாசி’, 1971இல் நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் மூன்றில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கருவுறாத ஒவ்வொரு மாதத்திற்கும் பெண் தொழிலாளியின் சேமிப்புக் கணக்கில் ஐந்து ரூபாய் செலுத்தப்பட்டது. குழந்தைகள் மிகின் அதில் ஒரு பகுதி இழக்கப்படும். மகப்பேற்று வயது கடந்த பின்னரே தொகை கைக்கு வரும். அப்பெண்ணுக்கு அது முதுமைக்கால வைப்பு. நிருவாகத்திற்கோ செலவுக் குறைப்பு. கட்டாயமின்றியும் கட்டுப்பாடு செயற்படும் என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

‘ஆட்சி’ என்னும் சொல்லில் முதன்மை பெற்ற பெண், ‘கட்டுப்பாடு’ என்பதில் செயலுக்கு உட்படுபவளானாள். ‘நலம்’ எனப் பெயர் மாறிய பின்னரும் வழக்கு மாறவில்லை. எத்தனை குழந்தை, எப்போது, எம்முறையில் என்பனவற்றை அவளே முடிவு செய்யும் நிலையே 1930களின் சொல்லுக்குரிய பொருளை மீட்டளிக்கும்.