ஸ்திரீகளும் ஓட்டப் பந்தயமும்

புராதன கிரேக்க தேசத்தில் ஒலிம்பியாப் பந்தயங்களை விவாகமான ஸ்திரீகள் கண்ணாற் காண்பதும் விலக்காயிருந்தது. ஆயினும் தேர்ப் பந்தயத்தில் வெற்றி சாரதிக்கன்று, குதிரைகளை உடையவர்க்கே உரியதாகையால், ஸ்பார்ட்டா தேசத்து அரசகுமாரி கினிஸ்கா என்பார் கி.மு. 396-லும் 392-லும் தாம் தேரோட்டாமலே வாகை சூடினார்.

1896-ல் ஆதென்ஸ் நகரில் அப்பந்தயங்கள் புதுப்பிக்கப்பட்ட காலை ஸ்திரீகளுக்கு இடமில்லை. 1900-ல் பாரிஸில் டென்னிஸ் முதலிய சிலவற்றில் இடங்கிடைத்தது. ஓட்டப் பந்தயங்களோ 1928-ல் ஆம்ஸ்டர்டாமில்தான் திறக்கப்பட்டன. அங்கு 800 மீட்டர் ஓட்டத்தில் ஜெர்மானிய மாது லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 விநாடியில் முதல்வந்து உலக சாதனை நாட்டினார். இறுதியோட்டத்தில் ஓடிய ஒன்பதின்மரும் எல்லையை அடைந்தனர். பத்திரிகைகள் சிலவோ, மாதர் பலர் நடுவழியில் மூர்ச்சித்து வீழ்ந்தனரென்று எழுதிவிட்டன! ஓடி முடித்துக் களைத்தோர் தரையிற் சாய்ந்தது மெய்யே. ஆடவரும் அவ்வாறு சாய்வதுண்டன்றோ? அவ்வோட்டம் நீக்கப்பட்டது. மீண்டும் 1960-ல் ரோமாபுரியிற் சேர்க்கப்படும்வரை 32 வருஷங்கள் வீணே கழிந்தன.

இதற்குப் பத்தாண்டுகட்கு முன்னர், ஐரோப்பிய மகாயுத்தத்தில், இங்கிலாந்து தேசத்து ஸ்திரீகள் லக்ஷக்கணக்காக வெடிமருந்துச் சாலைகளில் உழைத்தனர். மருந்தின் விஷத்தாற் பலருக்குச் சருமம் மஞ்சளாயிற்று, வேலை நின்றபாடில்லை. வேலைக்குத் தாங்கும் தேகம் விளையாட்டுக்கு மட்டும் தாங்காதென்பது என்ன நியாயமோ, சங்கத்து அன்பர்களே, யாமறியோம்.

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், 26 மைலுக்கு மேற்பட்ட மாரத்தான் ஓட்டமும் ஒலிம்பிக்கில் மாதர்க்கு முதன்முறை திறக்கப்பட்டது. அமெரிக்க மாது ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் அதனை ஓடி முடித்தார்.