சந்திர யாத்திரையும் உறுப்புப் பதிவேடும்

1969 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மனிதன் சந்திரனில் இறங்கிய வரலாற்றைக் கூறுவோர் வீரர்களைப் போற்றுவர்; உந்துகணையின் பேராற்றலை வியப்பர். அப்பெருமுயற்சியின் பின்னே நிகழ்ந்த பதிவுவேலையைப் பற்றி வாய்திறப்போர் அரியர். ஆயினும், இன்று வங்கிகளிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் இலட்சக் கணக்கான பதிவுகள் கணினிகளால் ஒருசேரத் திருத்தப்படும் முறை உருப்பெற்ற இடங்களுள் அம்முயற்சியும் ஒன்று.

அப்பொலோ விண்கலத்தின் கட்டளைக் கலத்தை ஆக்கும் பொறுப்பு 1961 ஆம் ஆண்டின் இறுதியில் நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்னும் கம்பனிக்கு வழங்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலத்து டவுனி நகரில் வேலை நடைபெற்றது. விண்கலத்தின் உறுப்புகள் ஏறத்தாழ 20 இலட்சம் என்பர். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் உண்டு. அது எப்பேருறுப்பில் அடங்குவது, எவ்வரைபடத்தின்படி செய்யப்படுவது, யாரால் வழங்கப்படுவது என்பன யாவும் எழுதப்படல் வேண்டும். பொறியியலாளர் ஒருவர் சிறியதொரு தாங்கியின் வடிவை மாற்றின், அதனைத் தாங்கும் சட்டம் மாறும். சட்டத்தின் வரைபடம் மாறும். வழங்குபவருக்கும் அறிவித்தல் வேண்டும். இத்தகைய மாற்றக் கட்டளைகள் நாள்தோறும் பிறந்தவண்ணம் இருந்தன.

அக்காலத்தில் பெரும் பதிவேடுகள் காந்த நாடாவிலே வைக்கப்பட்டன. நாடா ஒரு சுருள். அதில் நூறாவது பதிவை அடைய வேண்டின், முன்னுள்ள தொண்ணூற்றொன்பதையும் கடந்தே செல்லல் வேண்டும். இதனாற் கணினி அறைகளில் ஒரு வழக்கம் நிலைபெற்றது. பகலெல்லாம் வந்துசேரும் மாற்றங்கள் அட்டைகளில் துளையிடப்பட்டு ஒரே கட்டாகச் சேர்க்கப்படும். அக்கட்டு, பதிவேட்டின் ஒழுங்கிலேயே எண்வாரியாக அடுக்கப்படும். இரவில் இயந்திரம் பழைய நாடாவை ஒரு புறமும் மாற்றங்களை மறுபுறமும் வாசித்து, எண் பொருந்திய இடத்தில் திருத்தி, பொருந்தாத இடத்தில் உள்ளதை உள்ளவாறே பெயர்த்து, புதிய நாடாவொன்றை எழுதிமுடிக்கும். தொகுதிமுறை என வழங்குவது இதுவே. பாடசாலை இடாப்பில் ஒரு மாணவனின் விலாசம் மாறியதற்காக முழு இடாப்பையும் புதிதாகப் பிரதிசெய்வதை இஃது ஒக்கும். எழுதுவினைஞர் எவரும் இதற்கு இணங்கார், இயந்திரமோ முணுமுணுப்பதில்லை.

இம்முறையிற் பெரியதொரு நன்மையும் இருந்தது. பழைய நாடா அழிவதில்லை. புதியதைப் புதல்வன் என்றும், முந்தியதைத் தந்தை என்றும், அதற்கு முந்தியதைப் பாட்டன் என்றும் பெயரிட்டு மூன்று தலைமுறைகளைப் பேணினர். புதல்வன் பழுதுற்றால், தந்தையிடமிருந்தும் அன்றைய அட்டைக் கட்டிலிருந்தும் மீண்டும் அவனைப் பெறலாம்.

குறைகள் வேறிடத்தில் இருந்தன. இன்று காலை பிறந்த மாற்றம் நாளைக் காலையில்தான் பதிவேட்டில் தோன்றும். அன்றியும், ஒவ்வொரு பகுதியினரும் தமக்கெனத் தனி நாடாக்களை வைத்திருந்தமையால், ஓர் உறுப்பின் விவரம் பல நாடாக்களில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றில் திருத்தப்பட்டது மற்றொன்றில் திருத்தப்படாதும் இருக்கும். எல்லாவற்றினும் இடர்தந்தது பிறிதொன்று. நாடாவில் எந்தெந்த எழுத்து எந்தெந்த இடத்தில் நிற்கின்றது என்பதை ஒவ்வொரு செய்நிரலும் தன்னுள்ளே கொண்டிருந்தது. பதிவில் ஒரு புதிய விவரத்தைச் சேர்க்க விரும்பினால், அந்நாடாவைத் தொடும் செய்நிரல்கள் அனைத்தையும் திருத்த நேர்ந்தது.

பதிவேடும் பொருளும் ஒன்றிநிற்றல் எத்துணை அரிது என்பதை 1967 ஆம் ஆண்டு சனவரி 27 ஆம் திகதி நிகழ்ந்த துயரம் உலகுக்குக் காட்டிற்று. கென்னடி முனையில் ஒத்திகை நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, 012 ஆம் எண் கட்டளைக் கலத்தினுள் தீ மூண்டு, கிறிசம், வைற், சாபி என்னும் விண்வெளி வீரர் மூவரும் உயிர்நீத்தனர். தூய ஒட்சிசன் நிரம்பிய அறை, எளிதில் தீப்பற்றும் பொருள்கள், குறைபாடுடைய மின்கம்பிகள், விரைந்து திறக்கவியலாத கதவு என்பவற்றை ஆராய்வுக் குழு எடுத்துக்காட்டியது. அதே அறிக்கையில், படிப்போர் பெரிதும் கவனியாத வேறொரு பகுதி உண்டு. கலம் தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்டபோது முடியாதிருந்த வேலைகளின் தொகை அறியப்படவில்லை. முக்கியமான பொறியியற் கட்டளைகள் 113 அப்போது நிறைவேற்றப்படாதிருந்தன. அதன் பின்னர் மேலும் 623 கட்டளைகள் பிறந்தன. அவற்றுள் அண்மையில் வெளிவந்த 22, விபத்து நிகழ்ந்த வேளையிற் பதிவுகளில் ஏறியிருக்கவில்லை. பதிவுகள் செவ்வையாக இருந்திருப்பின் தீ மூண்டிராது என்று கூறுதல் பொருந்தாது. ஆனால், மூவர் உள்ளே அமர்ந்திருந்த ஒரு கலத்தின் மெய்ந்நிலையைக் காகிதத்தில் முழுமையாகக் காண இயலாதிருந்தது என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

இவ்விடர்ப்பாட்டுக்கு மாற்றுத்தேடும் வேலை, விபத்துக்கு முன்னரே தொடங்கியிருந்தது. 1966 இல் ஐ.பி.எம். கம்பனியைச் சேர்ந்தோரும், நோர்த் அமெரிக்கன் கம்பனியாரும், மண்வாரி இயந்திரங்களை ஆக்கும் கற்றபிலர் கம்பனியைச் சேர்ந்த சிலரும் ஒன்றுகூடினர். சந்திரனுக்குச் செல்லும் கலத்துக்கும் மண்ணைத் தோண்டும் இயந்திரத்துக்கும் உறுப்புப் பட்டியல் என்னும் தொல்லை பொதுவாக இருந்தமையே அவர்களைச் சேர்த்தது. வேண்டிய பதிவை நேரே சென்று எடுக்கத்தக்க காந்தத் தட்டுகள் அப்போது வழக்குக்கு வந்துவிட்டன. ஆயினும் அவர்களது ஆக்கத்தின் உயிர்நாடி தட்டிலன்று, செய்நிரலுக்கும் பதிவேட்டுக்கும் நடுவே நிறுத்திய இடைமுகத்திலேயே இருந்தது. டி.எல்.ஐ. என்று அதற்குப் பெயரிட்டனர்.

அதன் இயல்பு வருமாறு. பதிவுகள் தலைகீழ் மரம்போல அமைந்தன; கீதையில் வரும் அரசமரத்தின் வேர்போல இதன் வேரும் மேலேதான். பேருறுப்பு வேராகவும், அதனுள் அடங்குவன கிளைகளாகவும் நிற்கும். செய்நிரல் இனித் தட்டினுள்ளே கைவைப்பதில்லை. 'இவ்வெண்ணுடைய பதிவைத் தருக', 'அடுத்ததைத் தருக', 'இதனைச் சேர்க்க', 'மாற்றுக', 'நீக்குக' என்றாற்போன்ற சில கட்டளைகளை மாத்திரம் இடைமுகத்திடம் கூறும். பதிவு எங்கே, எவ்வாறு கிடக்கின்றது என்பது இடைமுகத்தின் பொறுப்பு. செய்நிரலுக்கு வேண்டிய விவரங்களே அதன் கண்ணிற் படும். புதிய விவரமொன்று சேர்க்கப்படின், அதனை வேண்டாத செய்நிரல்கள் பழையபடியே இயங்கும். காரியாலயத்திற் கோப்புக் காப்பாளரிடம் கேட்டுப் பெறுவதற்கும், அலுமாரிக்குள் ஒவ்வொருவரும் கைவிட்டுத் தேடுவதற்கும் உள்ள வேற்றுமையே இங்கும் உள்ளது.

1968 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14 ஆம் திகதி, டவுனியிலிருந்த தட்டச்சு முனையமொன்றில், முறைமை ஆயத்தமாயிற்று என்னும் செய்தி முதன்முறையாக அச்சாயிற்று. அடுத்த ஆண்டில் ஐ.எம்.எஸ். என்னும் புதுப்பெயருடன் அது பிறருக்கும் கிடைக்கலாயிற்று. இதே பத்தாண்டில் ஜெனரல் எலெக்ரிக் கம்பனியில் சாள்ஸ் பாக்மன் வேறொரு வழியில் தரவுத்தளம் ஒன்றை அமைத்திருந்தார். 1970 இல் எட்கர் கொட், மரங்களையும் இணைப்புகளையும் ஒதுக்கி, அட்டவணைகளாற் பதிவுகளை அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அவற்றின் கதை நீண்டது.

நேருக்கு நேர் வினவி விடைபெறும் வசதி வந்தபின்னர் தொகுதிமுறை மறைந்துவிடும் என எதிர்பார்க்க இடமுண்டு. அவ்வாறு நிகழவில்லை. சம்பளம் கணித்தல், வட்டி சேர்த்தல் முதலியன ஒருசேரச் செய்யப்படுவனவே. அட்டைக் கட்டின் இடத்தில் இடைமுகக் கட்டளைகள் வந்தன, அவ்வளவே. ஆனால் புதியதொரு கவலையும் உடன்வந்தது. தட்டிலுள்ள பதிவு இருந்த இடத்திலேயே திருத்தப்படுவதால், பாட்டனும் தந்தையும் தாமாக எஞ்சுவதில்லை. ஓரிலட்சம் பதிவுகளைத் திருத்தும் வேலை நாற்பதினாயிரத்தில் தடைப்பட்டால், எது திருந்தியது, எது திருந்தவில்லை என எவ்வாறு அறிவது? முதலிலிருந்து தொடங்கினால், நாற்பதினாயிரம் பேருக்கு இருமுறை வட்டி சேர்ந்துவிடும். இதற்கெனச் சோதனைப் புள்ளிகளை வகுத்தனர். குறித்த தொகைப் பதிவுகள் முடிந்தவுடன் அதுவரை செய்தவற்றை உறுதிசெய்து, நின்ற இடத்தையும் குறித்துவைக்கும்படி செய்நிரல் கட்டளையிடும். மாற்றத்துக்கு முன்னிருந்த உருவும் பின்வந்த உருவும் தனியொரு நாட்பதிவில் எழுதப்படும். இடையில் வேலை முறிந்தால், இறுதிப் புள்ளிக்குப் பின் நடந்தவை நீக்கப்பட்டு, அவ்விடத்திலிருந்தே வேலை தொடரும். புள்ளிகளை மிக நெருக்கி வைத்தால் வேலை தாமதமாகும். மிக விலக்கி வைத்தால் பிறர் அப்பதிவுகளுக்காகக் காத்திருக்க நேரும். எத்தனை பதிவுகளுக்கு ஒரு புள்ளி என்பது இன்றும் அனுபவசாலிகளின் கணிப்புக்கே விடப்பட்டுள்ளது. டவுனியில் பிறந்த ஐ.எம்.எஸ். உம் பெருவங்கிகள் பலவற்றின் கணினிகளில் இன்றும் இயங்கிவருகின்றது.