குன்றேறிய வழிகள்: டோபி காட் முதல் பினாங்குக் கொடிமலை வரை

முன்னுரை

நீரிணைக் குடியேற்றங்களின் வரலாற்றில் குன்றுகளுக்குத் தனியிடம் உண்டு. துறைமுகத்தை அணுகும் கப்பல்களைக் கண்டு, கொடிமரத்தின் வழியே ஊருக்கு அறிவிக்கும் இடங்களாக அவை பயன்பட்டன. ஆள்வோரின் இல்லங்களும் அங்கே எழுந்தன. இன்று அவை நகரைக் கண்டு மகிழும் காட்சிமுனைகள். அவற்றை மனிதர் ஏறியடைந்த வழிகளையும் அவ்வழிகளுக்குப் பின்னிருந்த உழைப்பையும் இரு குன்றுகளைக் கொண்டு இக்கட்டுரை நோக்குகிறது.

டோபி காட்டும் கெனிங் குன்றும்

சிங்கப்பூரின் டோபி காட், இந்தியச் சலவைத் தொழிலாளர் ஓடையில் துணி துவைத்து அருகிலிருந்த வெளியில் உலர்த்திய இடமாகும். 'டோபி' சலவையாளரையும் 'காட்' துறையையும் குறிக்கும் வடஇந்தியச் சொற்கள். இதன் அருகே ஃபோர்ட் கெனிங் குன்று உள்ளது. மலாய் மக்கள் அதனைப் 'புக்கிட் லாராங்கான்', அதாவது விலக்கப்பட்ட குன்று என வழங்கினர். 1822-23இல் ராஃபிள்ஸ் அங்குத் தமக்கு இல்லம் அமைத்தபின் அது அரசாங்கக் குன்று எனப்பட்டது. 1859இல் தொடங்கிய கோட்டைப் பணி 1861இல் முடிவுற்றது. இந்தியாவில் பிரித்தானிய அரசப்பிரதிநிதியாக இருந்த கெனிங் பிரபுவின் பெயர் அதற்கு வாய்த்தது. இவ்வாறு குன்றின்மேல் ஆண்டவரின் பெயரும் அடிவாரத்தில் உழைத்தோரின் தொழிற்பெயரும் நிலைபெற்றன. ஏறத்தாழ 48 மீட்டர் உயரமே உடைய இக்குன்றில் நடந்தே ஏறலாம்.

கொடிமலையும் கம்பிவட இரயிலும்

1826இல் சிங்கப்பூர், மலாக்காவுடன் ஒரே நிருவாகத்தின்கீழ் இணைக்கப்பட்ட பினாங்கின் நிலை வேறு. கொடிமலையின் மேல்நிலையம் சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியின் வெப்பத்தைத் தவிர்க்க விரும்பிய ஐரோப்பியர் மலைமேல் மாளிகைகள் கட்டினர். குதிரையிலோ கூலியாட்கள் சுமந்த டோலியிலோ ஏறிச் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட முதல் மலை இரயில் தொழில்நுட்பக் குறையால் பயன்படாது போயிற்று. கூட்டு மலாய் மாநில இரயில்வேயின் பொறியாளர் ஆர்னல்ட் ராபர்ட் ஜான்சன் வகுத்த புதிய பாதை 1923 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. 1924 சனவரி முதல் நாள் முறைப்படி திறக்கப்பட்டது.

இதன் இயக்கம் எளியது. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் இரு பெட்டிகள் பிணைக்கப்பட்டிருக்கும். இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குத் துணைநிற்கும். எஞ்சிய இழுவையை மின்பொறி தரும். பாதை இரு பகுதிகளாக இருந்தமையால் பயணிகள் நடுநிலையத்தில் பெட்டி மாறினர். 2010இல் நிறுத்தப்பட்ட அவ்வமைப்பு, 2011 முதல் இடைமாற்றமற்ற ஒரே பாதையாக இயங்குகிறது.

இரயில் வந்தபின் டோலி சுமந்தோரின் தோள்கள் விடுபட்டன. எனினும் உழைப்பு மறையவில்லை, இடம் மாறியது. மலாயாவின் இரயில்வேக்களில் தண்டவாளம் அமைத்தும் பேணியும் வந்தோருள் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினர் என்பது வரலாறு. கொடிமலையின் உச்சியிலுள்ள முருகன் கோவிலும் அம்மலையில் தமிழரின் இருப்பைக் காட்டும் சான்றாகும்.

முடிவுரை

கொடிமலையின் பழைய இரயில் பெட்டிகள் காட்சிப்பொருளாகப் பேணப்படுகின்றன. பொறியாளரின் பெயரும் நிலைத்துள்ளது. சுமந்தோரும் பாதை காத்தோரும் 'கூலி' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். டோபி காட்டில் ஊர்ப்பெயரேனும் எஞ்சியது. கொடிமலையில் அதுவும் இல்லை. சம்பளப் பதிவேடுகள், கோவில் ஆவணங்கள், முதியோரின் நினைவுகள் ஆகியவற்றைத் தொகுத்தல் நம் ஆய்வாளர்களின் உடனடிக் கடமையாகும். மாணவரைக் காட்சிமுனைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், நகரைச் சுட்டிக்காட்டுமுன் ஏறிவந்த பாதையைச் சுட்டுவாராயின், வரலாற்றுக் கல்வி அங்கேயே தொடங்கிவிடும்.