குரல் கொடுக்கும் பூனை, வாய் திறக்காத பூனை

சென்னையை ஒட்டிய சேலையூர், குரோம்பேட்டை, மேற்குத் தாம்பரம் என்று எங்கு பார்த்தாலும் தனிவீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும்புகின்றன. மொட்டைமாடியும் பரணும் போய், கீழ்த்தளக் கார் நிறுத்துமிடமே பூனைகளின் முகவரியாகிவிட்டது. அங்கே படுத்திருப்பவை எல்லாமே நமக்குத் தெருப்பூனைகள்தான். ஆனால் அவற்றில் இரண்டு வகை உண்டு. வாடகைக்கு இருந்தவர்கள் வீடு மாறும்போது விட்டுப்போனது ஒன்று. மீன்கடைப் பின்புறத்திலோ காலிமனைப் புதரிலோ பிறந்து, மனிதக் கை படாமலே வளர்ந்தது இன்னொன்று.

பிரித்தறியப் பெரும்பாலும் குரலே உதவும். வளர்ந்த பூனைகள் தமக்குள் அதிகம் கத்திக்கொள்வதில்லை; 'மியாவ்' பெரும்பாலும் மனிதர்களுக்கானது. விட்டுப்போன பூனை தட்டு ஓசை கேட்டதும் வாலை நிமிர்த்திக்கொண்டு படிக்கட்டில் நின்று கத்தும். புதரில் பிறந்தது வாய் திறக்காது; ஸ்கூட்டருக்கு அடியில் வயிறு தரையில் படப் பதுங்கி, நம் கையையே கவனித்துக்கொண்டிருக்கும்.

காரணம் குட்டிப் பருவத்தில் இருக்கிறது. பிறந்த 2ஆவது வாரத்திலிருந்து 7ஆவது வாரத்துக்குள் மனிதர் தூக்கிப் பழக்கிய குட்டிகளே பிற்பாடு மனிதரிடம் எளிதில் நெருங்குகின்றன என்று 1980களில் அமெரிக்காவில் எய்லீன் கார்ஷ் நடத்திய ஆய்வுகள் காட்டின. முதல் வகைக்கு அந்தப் பழக்கம் உண்டு, பயம் அதை மூடியிருக்கலாம். இரண்டாவது வகைக்கு அது வாய்க்கவே இல்லை.

ஆகவே அணுகும் விதமும் மாறும். முதல் வகையிடம் உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, மெதுவாகப் பேசலாம். கண்களை மெல்ல மூடித் திறந்தால் பூனைகளும் பதிலுக்கு அப்படிச் செய்வதையும், நீட்டிய கையை நோக்கி வருவதையும் 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் பதிவு செய்தார்கள். இரண்டாவது வகையிடம் கை நீட்டினால் கடிதான் மிஞ்சும்; கடிபட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஊசிக்குப் போக வேண்டும். இந்த வகைக்குத் தினமும் அதே நேரத்தில், அதே மூலையில், அதே ஆள் சோறு வைத்தால் போதும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த மத்தி இரண்டுக்கும் பொது. பால் வேண்டாம்; பெரிய பூனைகள் பலவற்றுக்கு வயிற்றைக் கெடுக்கும்.

ஒன்றில் மட்டும் அவசரப்படக் கூடாது. கூண்டில் சிக்கிய வீட்டுப் பூனையும் முதல் சில நாள் சீறும். அந்தச் சீற்றத்தை வைத்து வகை பிரித்தால் தப்பாகும்.

முதல் பூனையிடம் நம்பிக்கை பெற்றதன் பலன், அதற்கு மறுபடி ஒரு வீடு. இரண்டாவதற்குப் பலன் கருத்தடை. கூண்டுக் கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, சில நாள் உள்ளேயே சோறு வைத்தால் அது தானாக நுழையப் பழகும். அறுவைச் சிகிச்சை முடிந்ததன் அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டுத் திரும்பி வரும். சினைக்காலம் சுமார் 2 மாதம்தான். பெட்டை 5 மாத வயதிலேயே சினைப்பட்டுவிடலாம். தள்ளிப்போட நேரமில்லை.

மடியில் ஏறுவதுதான் நம்பிக்கை என்றால் இரண்டாவது பூனையிடம் எல்லோரும் தோற்றவர்களே. ஆனால் அந்தப் பூனையைக் கூண்டுக்குக் கொண்டுவர முடிந்தவர், தினமும் சோறு வைப்பவர் ஒருவர்தான். குடியிருப்புச் சங்கம் முதலில் தடை போடுவதும் அவருக்கே. வளாகத்து விலங்குகளுக்கு உணவு தர ஏற்பாடு செய்யும் பொறுப்பை 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அதே சங்கத்தின் தலையில்தான் வைத்திருக்கின்றன. பூனை பெருகக் கூடாது என்று நினைக்கும் சங்கம் தடுக்க வேண்டியது சோற்றை அல்ல.