எல்லைக் கோட்டைத் தொடர்ந்து வந்தவை

இந்திய அரசியலமைப்பின் 4ஆம் பிரிவில் ‘கான்சிக்வென்ஷியல்’ என்றொரு ஆங்கிலப் பெயரடை உண்டு. மாநில எல்லையை மாற்ற நாடாளுமன்றம் இயற்றும் சட்டம், அம்மாற்றத்தின் விளைவாக எழும் காரியங்களுக்கும் வழி செய்யலாம் என்கிறது அப்பிரிவு. முதற்காரியம் நடந்ததால் கூடவே நடந்தாக வேண்டியவை என்பதே இங்கு அதன் பொருள்.

அப்பொருளை வாழ்ந்து பார்த்த ஊர் திருத்தணி. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூரும் அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம் திருப்பதியையும் சேர்த்தே கேட்டது, அது கிடைக்கவில்லை. கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் மொழியைப் பார்த்து எல்லை வகுத்தார், இச்சிக்கலைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கர். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது.

கோடு மாறியது ஒரே நாளில். தொகுதிகள், நீதிமன்ற அதிகாரம், அரசுகளின் சொத்து, கடன் என்று அதைத் தொடர்ந்தவை பல. ஐதராபாத்துக்குப் போன மேல்முறையீடு சென்னைக்கு வந்தது. சட்ட வாசகத்தில் இவை துணைக் காரியங்கள். வழக்காடும் குடியானவனுக்கோ இவையே முதற்காரியம்.

அரசு ஊழியர்களுக்கு இச்சொல் இன்னும் நெருக்கமானது. பணிநீக்கம் செல்லாது என்று தீர்ப்பாகும்போது ‘கான்சிக்வென்ஷியல் பெனிஃபிட்ஸ்’ என்ற தொடர் ஆணையில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்கள். நின்றுபோன சம்பளமும் பணிமூப்பும் அதில் அடங்கியிருக்கின்றன.

செய்தித்தாள்களில் அதே சொல் ‘பெரும் விளைவுகளை உண்டாக்கக்கூடிய’ என்று பொருள்படும். ஒரு தேர்தலை அப்படிச் சொன்னால், அது வேறொன்றன் விளைவு என்பதல்ல, அதுவே பலவற்றுக்குக் காரணம் என்று கொள்ள வேண்டும். திசை நேர் எதிர். சட்டத்தைப் படிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இந்த வேறுபாட்டைத் தவறவிடக் கூடாது. 1960 ஏப்ரல் 1 செய்தித்தாள் பொருளுக்குச் சான்று. அதன்பின் கைமாறிய கோப்புகள் சட்டப் பொருளுக்கு.

பெரும்பான்மை பார்த்து இழுத்த கோடு சிறுபான்மையை இருபுறமும் விட்டுச் சென்றது. நகரி, புத்தூர்ப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்குக் குடும்பங்கள். தொடக்கப் பள்ளியில் இக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிவழிக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பில் 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு கூறுகிறது. திருத்தணி இணைப்பைப் போற்றும் எந்த மலரிலும் அந்தக் கடமையும் எழுதப்பட வேண்டும், எல்லையின் இரு பக்கத்து அரசுகளுக்கும் சேர்த்தே.